மருமகளுக்கு நான் தெரிந்தெடுத்த சறுக்குக் கட்டை

என் மருமகளின் காலை முறித்தது பனிமலை என்றுதான் எங்கள் சொந்தக்காரர் எல்லாரும் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மலைக்கு வாய் இல்லை. எனக்கு இருக்கிறது. ஊரில் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துபோனோம். வாய் மட்டும் ஒரு வகுப்பும் தவறாமல் ஏறிக்கொண்டே போனது. அந்த வாயால் செய்த காரியத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

ஊரில் சண்டை முடிந்த வருசம். அது மே மாதம் முடிந்தது. நான் சொல்வது அதே வருச மார்கழி. ரொறொன்ரோவில், அஜின்கோர்ட் பக்கம் மகனுடைய வீட்டில் இருந்தேன். மகன் பெரிய ட்ரக் ஓடுகிறவன், மேற்கே போனால் இரண்டு கிழமைக்கு முகம் காட்டமாட்டான். என் பேரப்பிள்ளைகள் லண்டனில் மகளிடம் இருக்கிறார்கள். இங்கே மகனுக்கும் மருமகளுக்கும் பிள்ளை இல்லை. அதையும் நான் பகிடி பண்ணாமல் விட்டதில்லை. ஆகவே வீட்டில் அநேகமாக நானும் மருமகளும்தான். அவளுக்கு ஒரு இன்சூரன்ஸ் கந்தோரில் வேலை. வீட்டுக்கு வந்தால் சமையல், பிறகு நான்.

அவளுக்கு ஒரே ஒரு அண்ணன். கடைசிவரை வன்னியில் நின்றவன். மே மாதத்துக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு சொல் இல்லை. முகாம் பட்டியல்களில் தேடினாள், ஆஸ்பத்திரிப் பட்டியல்களில் தேடினாள். இதே நகரத்தில் வோபர்ன் பக்கம் தனியே இருக்கும் அவளுடைய தாய், என் சம்பந்தி, ஒவ்வொரு நாளும் போன் எடுத்து ஏதும் தெரிந்ததோ என்று கேட்பார். கோயிலில் கேட்பார்கள். தமிழ்க் கடையில் முருங்கைக்காய் நிறுக்கிறவரும் கேட்பார். எல்லாருக்கும் அவள் "இன்னும் இல்லை" என்பாள். நானும் காலையில் தேத்தண்ணியோடு கேட்பேன். அக்கறையில் என்று வெளியில் சொல்வேன். உண்மையில் பாதி அக்கறை. மிச்சப் பாதி, கேட்டவுடன் அவள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கிற ஆசை. கிழவிகளுக்கு வீட்டில் வேறு படம் என்ன இருக்கிறது?

ஒரு நாள் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டு சொன்னாள். கந்தோரில் வேலை செய்யும் ஒரு வெள்ளைக்காரப் பெண் ஞாயிற்றுக்கிழமைகளில் வடக்கே ஒரு மணித்தியாலம் தள்ளி இருக்கிற மலைக்குப் போகிறாளாம். இவளும் கூடப் போய், காலில் நீளக் கட்டை மாட்டிப் பனியில் சறுக்கப் பழகப்போகிறாளாம். ஆறு ஞாயிறு. கட்டையை வாடகைக்கு எடுத்தால் பாதியில் விட்டுவிடுவாளாம், அதனால் சொந்தமாகவே பழைய கட்டை ஒன்று வாங்கப்போகிறாளாம்.

நான் சிரித்தேன். ஐஸில் விழாமல் நடக்கத்தான் பனிக்காலம் முழுக்க எங்கள் ஆட்கள் கூனிக்கொண்டு திரிகிறார்கள், நீ தேடிப்போய் விழப்போகிறாயோ என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"அங்கை ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது மாமி. அண்ணாவைப் பற்றி ஒருத்தரும் கேக்க மாட்டினம். எனக்கு அந்த ரெண்டு மணித்தியாலம் வேணும்."

"கொண்ணன் எங்கை எண்டு தெரியேல்லை. நீ சறுக்கி விளையாடப் போறாய். வடிவாய்த்தான் இருக்கு."

அவள் தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள். அதுதான் பதில்.

இதில் என் கள்ளத்தையும் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை என் நாள். அன்றைக்குத்தான் சொந்தக்காரர் வருவார்கள், அன்றைக்குத்தான் கோயில். நான் கதை சொல்ல, அவள் தேத்தண்ணி ஊற்ற, வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, அப்படித்தான் என் கிழமை ஓடும். என்னைக் காரில் ஏற்றி இறக்குகிறவளும் அவள்தான். அவள் மலைக்குப் போனால் நான் ஜன்னலோடு கதைக்கவேண்டியதுதான்.

பிக்கரிங் பக்கம் பழைய விளையாட்டுச் சாமான் விற்கிற கடை ஒன்று இருந்தது. ஒரு சனிக்கிழமை போனோம். என்னை யார் கூப்பிட்டது? ஒருவரும் இல்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு அவளுக்கு முதல் போய்க் காரில் இருந்துவிட்டேன்.

கடைக்குள் மெழுகு மணமும் நனைந்த கம்பள மணமும். சுவர் முழுக்கக் கட்டைகள், சோடி சோடியாக நிமிர்ந்து நின்றன. கடைக்காரர் வெள்ளைத் தாடிக்காரர், பொறுமைசாலி. மருமகளை நிற்கவைத்து, ஒரு நீலக் கட்டையை அவளுக்குப் பக்கத்தில் பிடித்தார். அது அவளுடைய நாடிவரை வந்தது. முதன்முதல் பழகுகிறவர்களுக்கு நீளம் குறைந்ததுதான் நல்லது, திருப்பச் சுகம் என்றார். அவள் எனக்குத் தமிழில் சொன்னாள். நான் பக்கத்தில் நின்ற ஒரு சிவப்புக் கட்டையின் விலையைப் பார்த்தேன். அதே விலை, ஆனால் அவளுடைய தலையைத் தாண்டி ஒரு சாண். சீலை வாங்கினால் நீளம் பார்க்க மாட்டோமா? ஒரே காசுக்கு ஏன் குறைந்ததை வாங்குகிறாய் என்று கேட்டேன். உது துணியில்லை மாமி என்றாள்.

பிறகு சப்பாத்து. சப்பாத்து என்று சொன்னாலும் அது இரும்பு வாளி மாதிரி. விரல் முன்னால் முட்டவேண்டும், இறுக்கமாக இருக்கவேண்டும் என்றார் கடைக்காரர். எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இறுக்கமாகச் சப்பாத்து வாங்கியதில்லை. கனடாவுக்கு வந்த புதிதில் ஒரு பேஸ்மென்ரில் ஐந்து பேர் இருந்தோம், பனிச் சப்பாத்து ஒரு சோடி. இரவு வேலைக்குப் போனவன் வந்து கழற்ற, பகல் வேலைக்குப் போகிறவன் அந்தச் சூட்டோடு கால் வைப்பான். அதனால் எதை வாங்கினாலும் ஒரு அளவு பெரிது, உள்ளே காலுக்கு இரண்டு கம்பளி மேசு போடலாம், வீட்டில் யாருக்கும் உதவும். அதையே சொன்னேன். மருமகள் நான் சொன்னதைக் கடைக்காரருக்கு இங்கிலிஷில் சொல்ல, அவர் சிரித்தார். அவளும் அந்த வாளிகளோடு நாலு அடி நடந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

மே மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் கண்டது அன்றுதான். ஏழு மாதம் நான் எத்தனை பகிடி விட்டும் அசையாதவள், ஒரு வெள்ளைக்காரக் கிழவனுக்கு முன்னால் தாரா மாதிரி நடந்து சிரிக்கிறாள். எனக்குப் பிடிக்கவில்லை.

கடைக்காரர் கட்டையில் சப்பாத்தைக் கவ்விப் பிடிக்கிற பிடியைக் காட்டினார். அவள் அதையும் எனக்குச் சொன்னாள். விழும்போது சப்பாத்து அந்தப் பிடியிலிருந்து கழலவேண்டும். கழலாவிட்டால் கட்டை திரும்பும், கூடவே காலும் திரும்பும். ஆளின் நிறையையும் பழக்கத்தையும் பார்த்துத்தான் அந்தப் பிடியின் ஆணியை இறுக்குவார்களாம், பழகுகிறவர்களுக்குத் தளர்வாக, கெட்டிக்காரருக்கு இறுக்கமாக. ஆகவே எனக்குத் தெரியாது என்று இப்போது சொல்ல முடியாது.

அப்போது அவளுக்குப் போன் வந்தது. நம்பரைப் பார்த்துவிட்டு, அந்த வாளிச் சப்பாத்தோடேயே வெளியே போனாள். பனி குவித்திருந்த இடத்தில் நின்று கேட்டாள். அது என்ன போன் என்று எனக்குப் பிறகுதான் தெரியும், ஆனால் உங்களுக்கு ஒளிக்கமாட்டேன். பிரான்ஸில் இருக்கிற அவளுடைய சித்தப்பா மகன் எடுத்த போன். அண்ணனோடு கடைசிவரை நின்ற ஒருவர் முகாமிலிருந்து வெளியே வந்து சொன்னாராம். தானே அவனைக் கடற்கரையில் மண் தோண்டித் தாட்டதாக.

கண்ணாடிக்கு உள்ளே நின்ற எனக்கு அவள் குனிவதுதான் தெரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள், தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். கந்தோர்க்காரியோடு சேர்ந்து என்னைத்தான் சொல்லிச் சிரிக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

கடைக்காரர் ஒரு படிவத்தோடு என்னிடம் வந்தார். எனக்கு இங்கிலிஷ் ஒரு முப்பது சொல் வரும். பொய் சொல்ல அது தாராளம். படிவத்தில் மூன்று பெட்டி, கையால் சறுக்கிக் காட்டியே விளங்கப்படுத்தினார். ஒன்று மெதுவாகப் போகிறவர்கள், நடுவில் நடுத்தரம், மூன்றாவது வேகமாகப் போகிறவர்கள். முதலாவதுதானே என்று அவர் விரலை வைத்தார். நான் என் விரலை மூன்றாவதில் வைத்தேன்.

"ஷி சாம்பியன். சிறிலங்கா சாம்பியன்."

சிறிலங்காவில் பனியா என்று அவர் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. அப்படியென்றால் ஏன் இவ்வளவு நேரமும் பழகுகிறவள் மாதிரி நின்றாள் என்றுதான் கேட்டார். "வெரி ஷை" என்றேன். அவர் தலையை ஆட்டினார். அந்தச் சிவப்பு நீளக் கட்டையைக் கையால் காட்டினேன். அவர் அதை எடுத்துப் போட்டு, ஆணியை இறுக்கினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் கணக்கு இதுதான். நாலு பேருக்கு முன்னால் தொப்பென்று விழுவாள், வெட்கப்படுவாள், அடுத்த ஞாயிறு வீட்டில் நிற்பாள். கால் என் கணக்கில் இல்லை. இல்லை என்று சொல்வதால் கால் பொருந்தப் போவதுமில்லை.

உள்ளே வந்தாள். கண் சிவந்திருந்தது. குளிர் என்று நினைத்தேன். சவர்க்காரத் தூள் பெட்டியில் உள்ளதைக்கூட முழுக்க வாசிக்கிறவள், அன்றைக்குப் படிவத்தைப் பார்க்காமலே கையெழுத்து வைத்தாள். நீலமா சிவப்பா என்று பார்க்கவில்லை. கட்டையைக் காருக்குள் பின்னிருந்து முன்வரை நீட்டி வைத்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் வேலி மாதிரிக் கிடந்தது. வழி முழுக்க நான் கதைத்தேன். அவள் ஓட்டினாள்.

அடுத்த நாள் ஞாயிறு. பின்னேரம் அந்தக் கந்தோர்க்காரி போன் எடுத்தாள். மலையின் பாதியில் விழுந்தாளாம். சப்பாத்து கழலவில்லையாம். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போய்விட்டது.

மூன்றாம் நாள் கட்டுப்போட்ட காலோடு கொண்டுவந்து விட்டார்கள். மகன் இன்னும் வந்துசேரவில்லை. படிக்கட்டு ஏறமுடியாது என்று கீழே இருக்கிற அறையில் படுக்கவைத்தோம். சொந்தக்காரர் திராட்சையோடும் ஆப்பிளோடும் வந்தார்கள். எல்லாரும் வந்திருக்கிறார்கள், என்னால் சும்மா இருக்க முடியுமா? அவள் வாளிச் சப்பாத்தோடு நடந்ததை எழும்பி நடந்தே காட்டினேன். விழுந்ததைக் காணாமலே விழுந்து காட்டினேன். கண்ணீர் வரச் சிரித்தார்கள். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். போகும்போது ஒவ்வொருவரும் குனிந்து, அண்ணாவைப் பற்றி ஏதும் தெரிந்ததோ என்று கேட்டார்கள். எழும்பிப் போகவும் முடியாமல் கிடந்தாள். எல்லாருக்கும் "இன்னும் இல்லை" என்றாள்.

கடைசி ஆளும் போன பிறகு என்னைக் கூப்பிட்டாள். கையில் கடைக்காரர் தந்த படிவத்தின் பிரதி.

"மாமி, இதிலை மூண்டாவது பெட்டி கீறியிருக்கு. ஆர் சொன்னது?"

கடைக்காரன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் வாய் வேறு வழியால் போனது. "நான்தான் பிள்ளை. பகிடிக்கு."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் நானும் கத்தலாம், அதில் எனக்குப் பழக்கம் இருக்கிறது. அவள் கந்தோரில் கதைக்கிற மாதிரி, மெல்லமாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடையில் வந்த போன் என்ன என்று சொன்னாள். நாங்கள் மே மாதத்திலிருந்து தேடுகிறோம், அண்ணன் சித்திரையிலேயே போய்விட்டான் என்று சொன்னாள்.

"மலையிலை நிண்டு அழுதுபோட்டு, நேரை அம்மாட்டைப் போய்ச் சொல்லுவம் எண்டு இருந்தனான். இந்த வீட்டிலை அழ எனக்கு விருப்பமில்லை. நீங்கள் பாத்துக்கொண்டு இருப்பியள்."

நான் வந்தவர்கள் விட்டுப்போன கோப்பைகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

"அம்மாவின்ரை மூண்டாம் மாடிக்கு லிஃப்ற் வேலை செய்யிறேல்லை. என்னாலை ஏற ஏலாது. உது போனிலை சொல்லுற விசயமில்லை. நீங்கள் போய்ச் சொல்லுங்கோ."

மகன் வரட்டும், அவன் போய்ச் சொல்வான் என்றேன்.

"இல்லை. நீங்கள். உங்களுக்குத்தானே கதை சொல்ல வரும்."

அதோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கால் திரும்பவில்லை, மேல்பாதி மட்டும் திரும்பியது.

அடுத்த நாள் காலை பஸ்ஸில் போனேன். இரண்டு பஸ் மாறவேண்டும். வழியில் எப்படித் தொடங்குவது என்று யோசித்தேன். எந்தக் கதைக்கும் எனக்குத் தொடக்கம் யோசிக்கத் தேவைப்பட்டதில்லை. படியில் மாடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினேன்.

என் சம்பந்தியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். என் பகிடிக்கு இந்த ரொறொன்ரோவிலேயே ஆகக் கூடச் சிரிக்கிறவர் அவர்தான். தன் மகளை நான் நக்கலடித்தாலும் சிரிப்பார், தன்னையே நக்கலடித்தாலும் சிரிப்பார். முழங்கால் வருத்தத்தில் வெளியே போகாத மனுசி. நான் போனால்தான் அவருக்குக் கலகலப்பு.

கதவைத் திறந்தார். தலையில் பனியோடு நான் நிற்கிறதைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கிவிட்டார். போனில் கேள்விப்பட்ட மகளின் கால் கதையை நடித்துச் சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"வாங்கோ சம்பந்தி, வாங்கோ. இருங்கோ, நான் முதல் இருந்துகொள்ளுறன். நிண்டுகொண்டு கேட்டால் விழுந்துபோடுவன்."

கதிரையை இழுத்து எனக்கு முன்னால் போட்டு இருந்தார். சீலைத் தலைப்பைக் கண் துடைக்கத் தயாராகக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். நான் கோட்டைக் கழற்றவில்லை. நின்றபடியே, அவருடைய மகனைப் பற்றிச் சொன்னேன்.

பாதி வசனம்வரை அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.