நேரில் வந்து பார்வையிடலாம்

மனு எழுதுவது கால் மணி நேர வேலை. அதற்குப் பதில் வரும்வரை பதறுவது முப்பது நாள் வேலை. ஊரப்பாக்கத்திலிருந்து தினமும் ரயிலேறி வந்து, ஒரு உள்ளாட்சி அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். நாளைக்கும் நான் அங்கேதான் உட்கார வேண்டும். எட்டாவதோடு பள்ளியை விட்டவள் நான். ஆனாலும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதப் பட்டதாரிகளே என்னிடம் வருகிறார்கள். ஒவ்வொரு கவுன்டராக அலைந்து அலுத்த உங்களுக்கு, கீழே வருவது எதுவும் புதிதாக இருக்காது.

பதினெட்டு கேள்விகள்

டேவிட் சார் சிட்லபாக்கத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். அவர் தெருவில் மழைநீர் வடிகால் வேலை பாதியில் நின்றுவிட்டது. அச்சடித்த மாதிரி கையெழுத்தில் பதினெட்டு கேள்விகள் எழுதிக்கொண்டு வந்தார். ஏன் நின்றது, ஏன் யாரும் வந்து பார்க்கவில்லை, இப்படி எல்லாமே ‘ஏன்’. “காரணம் கேட்டா தர மாட்டாங்க சார், காகிதத்தைக் கேளுங்க” என்றேன். அவர் கேட்கவில்லை. ‘விளக்கம் கோருவது தகவல் ஆகாது’ என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அடுத்த மனுவை நான் எழுதினேன். வேலை உத்தரவின் நகல், முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் நகல், அவ்வளவுதான் கேட்டேன். இரண்டும் வந்தன. அளவுப் புத்தகத்தில் வடிகால் தெருமுனை வரைக்கும் போயிருந்தது. அந்த நகலைக் காட்டியதும் மறுவாரமே பள்ளம் தோண்ட ஆள் வந்தது. சாருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. “முப்பது வருஷமா ‘ஏன்னு கேளுங்கடா’ன்னு பசங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன். இங்க அதுதான் மிஸ்டேக்காம்மா?”

வரிசையின் கடைசி ஆள்

செல்வி கோவளம் பக்கத்துக் கடலோரத்துக்காரி. என் கடைக்கு அடுத்த தெருவில் வியாபாரிகள் வரிசையாக உட்காருவார்கள். அதில் கடைசியாக, சாக்கடை ஓரத்தில் மீன் விற்கிறாள். புது மார்க்கெட் கட்டி முடித்து, பட்டியலில் பேர் இருப்பவர்களுக்கு மட்டும் உள்ளே இடம் என்று சொல்லிவிட்டார்கள். மார்க்கெட் திறந்தால் தெருவில் யாரும் உட்காரக் கூடாது. பட்டியலில் செல்வியின் பேர் இல்லை. “வந்தாங்க, பேரு கேட்டாங்க, போட்டோ புட்ச்சாங்க. இப்ப இல்லவே இல்லன்றாங்கக்கா” என்று மீன் கூடையோடு என் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

பட்டியல், கணக்கெடுப்புத் தாள்கள் இரண்டுக்கும் நகல் கேட்டு எழுதி, அவளுக்குப் படித்துக் காட்டினேன். முகத்தைச் சுளித்தாள். “இவ்ளோ மரியாதையா எழுதினா எவன்கா பயப்படுவான்? கீழ நறுக்குனு நாலு வார்த்த போடு.”

முப்பதாம் நாள்

மனுவில் கட்டண வில்லையை, அதுதான் கோர்ட் ஸ்டாம்ப்பை, சரியாக ஒட்டினேனா, பிரிந்து விழுந்திருக்குமோ என்று எனக்கு ஒரே கவலை. பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை திரும்பி வந்த பிறகும், அதிலிருக்கும் கையெழுத்து யாருடையது என்று கவலைப்பட்டேன். சரியாக முப்பதாம் நாள் பதில் வந்தது: ‘பக்கங்கள் அதிகம். நேரில் வந்து பார்வையிடலாம்.’

இதைக் கைவிரிப்பு என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள்தான் அதிகம். கதவையே திறந்து விட்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். செல்விக்குப் படிக்கத் தெரியாது என்பதால் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே போனேன். மனுதாரர் மட்டும்தான் பார்க்கலாம் என்றார் பிரிவு எழுத்தர். “அவளுக்கு எழுத்துத் தெரியாது சார். பக்கம் பக்கமா நீங்களே படிச்சுக் காட்டுறீங்களா?” என்று கேட்டேன். கணக்கெடுப்புப் பதிவேட்டின் தடிமனை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “உக்காருங்கம்மா. ரெண்டு பேருமே உக்காருங்க.”

சிவப்பு மை

நான் பேர் பேராக விரல் வைத்துப் படித்துக்கொண்டு வந்தேன். செல்வி படங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். திடீரென்று ஒரு படத்தின் மேல் விரலை அழுத்தினாள். “இதோ நானு!” அந்தப் படத்துக்கு நேரே இருந்த பேர், அவளுக்குப் பக்கத்தில் பூ விற்கும் கமலாவுடையது. கமலாவின் முகம் அதற்கு மேல்வரியில், வேறொருவர் பேருக்கு நேரே இருந்தது.

பக்கத்தின் மேலே போய்ப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. முதல் பேர் இளநீர்க்காரருடையது. படம் எடுத்த சமயத்தில் அவர் டீ குடிக்கப் போயிருந்தார் என்றாள் செல்வி. ஒட்டியவர் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாமல் அடுத்தவர் படத்தை அங்கே ஒட்டியிருக்கிறார். அதனால் எல்லா முகமும் ஒரு வரி மேலே ஏறிவிட்டது. கடைசி வரியில் செல்வியின் பேர் மட்டும் இருந்தது. பக்கத்தில் சிவப்பு மையில், ‘படம் இல்லை. நீக்கம்.’

இந்தப் பக்கம் நாளைக்குள் காணாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று அங்கேயே நகல் கேட்டு எழுதிக் கொடுத்தேன். சீல் போட்ட நகல் கையில் வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. செல்வி கொஞ்சமும் கலங்காமல் பதிவேட்டை எழுத்தர் பக்கம் திருப்பி வைத்தாள். “இன்னா சார், மூஞ்சி என்னுது, பேரு கமலாவுதா? அவ வூட்டுக்காரருக்குத் தெரிஞ்சா பேஜாராயிடும்!”

மின்விசிறிக்குக் கீழே

அந்த நகலை இணைத்துத் திருத்தக் கோரி மனு கொடுத்தோம். பக்கம் முழுவதையும் சரிசெய்தார்கள். மார்க்கெட் திறப்பதற்கு நான்கு நாள் முன்பு செல்விக்கு வியாபாரி அட்டை கைக்கு வந்தது. உள்ளே, மின்விசிறிக்குக் கீழே இடம். காட்ட வந்தவளிடம் அட்டையை வாங்கி, பேரையும் படத்தையும் நான் மூன்று முறை சரிபார்த்தேன். இனி எதுவானாலும் என்னிடம் வா, எழுதித் தருகிறேன் என்றேன். அட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு சிரித்தாள். “உனுக்கு இன்னாத்துக்குக்கா சிரமம்? அந்த புக்கு எந்த ரூம்ல கீதுன்னுதான் பாத்துகினேனே, நானே போய்க் கேட்டுக்கிறேன்.”

வேலையை ஒழுங்காகச் செய்தால் வாடிக்கையாளர் திரும்பி வராத தொழில் என்னுடையதாகத்தான் இருக்கும்.