அம்மா துவைத்த கல்

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அதற்கு மேல் படிப்பில்லை. ஆனாலும் இங்கிலீஷ் எம்.ஏ. படிக்கும் என் தம்பி மகள், அந்தக் காலத்து இங்கிலீஷில் சொல்லுக்கு ‘எத்’ என்று ஒரு வால் இருந்ததாம், அது எங்கிருந்து வந்தது என்று தேடுகிறேன் என்றபோது, “லையெத்தா?” என்று கேட்டேன். “ஒங்களுக்கெப்படித் தெரியும், அத்தை?” என்றது பிள்ளை. அந்த வால் எப்போதோ எங்கள் ஊரான அக்காள்மடத்து வீட்டுக் கொல்லைவரை வந்துவிட்டது.

நான் சிறுபிள்ளையாக இருந்தபோது, கடற்கரையில் மணல் சரிந்த இடத்தில் கிடந்தது என்று அய்யா ஒரு பலகைக்கல்லை வண்டியில் ஏற்றிவந்து, அம்மா துணி துவைக்கக் கிணற்றடியில் போட்டார். அத்தனை வழவழப்பான கல் எங்கள் தெருவில் யாருக்கும் இல்லை. துணியோடு வரும் பிள்ளைகளை, “ஒங்க வீட்டுக் கல்லுல போய் அடிங்கடி” என்று விரட்டுவேன்.

மழையில் கல் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. சரிசெய்யலாம் என்று அய்யாவும் அண்ணனும் புரட்டினால் அடிப்பக்கம் முழுக்க எழுத்து. அண்ணன் ஓடிப்போய் வாத்தியாரைக் கூட்டிவந்தான். அவர் விரலால் தடவித் தடவிப் படித்தார்.

“ஹியர் லையெத்... பழைய இங்கிலீஷு, இப்ப யாரும் இப்புடிப் பேச மாட்டாக. இங்க கெடக்குன்னு அர்த்தம். வெள்ளைக்காரப் புள்ள ஒண்ணோட கல்லறைக் கல்லு. ரெண்டு மாசந்தான் உசுரோட இருந்திருக்கு.”

“அட பாவி மனுசா, புள்ள தலைமாட்டுக் கல்லுலயா என்னைய அடிச்சுத் தொவைக்க விட்டீக?” என்றாள் அம்மா.

“கவுந்து கெடந்துச்சு. நான் என்னத்தக் கண்டேன்?” என்றார் அய்யா.

அம்மா ஈரச்சேலையைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு கேட்டாள், “நம்ம புள்ள எங்கன கெடக்கு?”

எனக்கு அடுத்துப் பிறந்து, பால்குடி மறக்காமலே போய்விட்ட பிள்ளை. எங்களில் பெண்கள் சுடுகாட்டுப் பக்கம் போவதில்லை. பச்சைப்பிள்ளையைப் புதைத்த இடத்தைப் பெற்றவளுக்குச் சொல்லவும் மாட்டார்கள். சொன்னால் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்வாளாம், அடுத்த பிள்ளை தங்காதாம். அய்யா வாத்தியாரைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். போய் மாட்டைப் பூட்டினார்.

வண்டியில் கல் போக, பின்னால் அம்மா நடந்தாள். நல்ல கல் போகிறதே என்று அழுதுகொண்டே நானும் போனேன். சுடுகாட்டு ஓரத்தில் ஒரு பனையடியில் அய்யா கையைக் காட்டினார். அங்கே கல்லை இறக்கினார்கள். அம்மா அதை அணைத்தாற்போல் மணலில் படுத்துவிட்டாள். கூப்பிட்டும் எழவில்லை.

யாரோ வெள்ளைக்காரப் பிள்ளைக்காக அம்மா இப்படி மண்ணில் கிடப்பானேன் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.