என் தோளுக்கு ஒரு தீர்மானம்

விளக்கெண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுச் சுடவைத்தால் ஒரு வாசனை வரும். இருபத்தைந்து வயதில் என் சட்டை, தலையணை, பாடப்புத்தகம் எல்லாவற்றிலும் அந்த வாசனைதான்... வலது தோளுக்குத் தேய்ப்பது.

அப்போது பாளையங்கோட்டையில் எனக்கு வாத்தியார் வேலை. ஊர் கொற்கைப் பக்கம். இங்கே சொந்தம் என்று யாரும் கிடையாது. ஒற்றை அறை, ஒரு மண்பானை, அப்புறம் கிரிக்கெட் கிளப். கிளப்பில் வேகமாகப் பந்து வீசத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சனிக்கிழமை மேட்ச் என்றால் காலை முதல் சாயங்காலம் வரை ஒரு முனையிலிருந்து வீசுவது முழுக்க என் தலையில். மறுமுனைக்கு ஆள் மாறும். என் முனைக்கு மாறாது.

ஆட்டம் முடிந்ததும் வாகை மரத்தடியில் சபை கூடும். ஆடாதவர்கள் சபை அது, ஆனால் கிளப்பை நடத்துவது அவர்கள்தான். சர்ச் கமிட்டியில் பழகிய பழக்கம்... எதையும் முன்மொழிந்து, வழிமொழிந்து, கை தூக்கி முடிவு செய்தால்தான் எங்கள் ஆட்களுக்குத் தூக்கம் வரும். என் தோளையும் விடவில்லை. இப்படியே வீசினால் கை போய்விடும் என்று ஒரு வக்கீல் குமாஸ்தா எனக்காக வாதாடுவார். டவுண் ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒத்துக்கொள்ளமாட்டார். வீசாத கையைப் பெட்டியில் வைத்துப் பூட்டவா போகிறான் என்பார். நாலு அடி தள்ளி உட்கார்ந்து காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருப்பேன். ஒருத்தரும் திரும்பி என்னைக் கேட்டதில்லை. தோளைப் பற்றிப் பேச ஊரே இருந்தது, என்னோடு பேசத்தான் ஆள் இல்லை.

அந்த வருஷம் புது செக்ரட்டரி வந்தார். கோர்ட்டில் நகல் எழுதிய மனுஷர், பந்தைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. அவரை எதற்குப் போட்டார்கள் என்றே ஒரு சண்டை நடந்து ஓய்ந்தது. அதற்குள் அவர் தூத்துக்குடிப் பஞ்சாலையிலிருந்து அருளப்பன் என்று ஒரு பவுலரைக் கூட்டிவந்து நிறுத்தினார். நல்ல வேகம். ஆனால் இடது முழங்காலில் அடிக்கடி நீர் கோத்துக்கொள்ளும். தேடித் தேடி ஒரு நொண்டியையா பிடித்தீர் என்று சபை கொதித்தது.

அதையெல்லாம் கேட்டுக்கொண்டு அருளப்பன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பைய என் பக்கம் சாய்ந்தான்.

"அவங்க கெடக்காங்க... தோளு ரொம்ப வலிக்கோ, வாத்தியாரே?"

மண் தட்டுவதை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினேன். அந்த மைதானத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவன்.

அவனும் என் அறைக்கே வந்துவிட்டான். எனக்குத் தேய்த்த மிச்ச எண்ணெய் அவன் முழங்காலுக்கு. சாயங்காலம் ஆற்றுக்குப் போய், நான் கழுத்தளவு தண்ணீரில் நிற்பேன், அவன் படியில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக் கடலைப் பற்றிப் பேசுவான். ஆளுக்கு ஒரு முனை வீசினோம். தோள் லேசானது. சனிக்கிழமை எப்போது வரும் என்று இருந்தது.

கிறிஸ்மஸ் சமயம் தூத்துக்குடிக்காரர்களோடு இரண்டு நாள் மேட்ச். முதல் நாளே அருளப்பனுக்கு முழங்கால் விட்டுப்போனது. மறுநாள் காலை மரத்தடியில் தீர்மானம்: இன்று முழுக்க வாத்தியாரே வீசுவது. அண்ணாச்சி முன்மொழிந்தார். எனக்காக வாதாடிய குமாஸ்தா வழிமொழிந்தார். ஜெயிக்கிற ஆட்டம் அல்லவா.

அருளப்பன் நொண்டிக்கொண்டே அவர்கள் நடுவே போனான். "அவருகிட்ட ஒரு வார்த்த கேளுங்க" என்றான்.

செக்ரட்டரி கோபப்படவே இல்லை. "ஆட்டக்காரங்களுக்கு இங்கன பேச்சு கெடையாது வே" என்றார்.

நீ முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருந்தால் அடுத்த சனிக்கிழமை நான் எங்கே போவேன்?

வீசினேன். மத்தியானத்துக்கு மேல் தோளுக்குள் ஏதோ அறுந்தது. அதன்பிறகும் வீசினேன். ஜெயித்தோம். தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள், வில்வண்டியில் ஏற்றி டவுண் ரதவீதி முழுக்கச் சுற்றினார்கள். அறைக்குத் திரும்பினால் அருளப்பனின் டிரங்குப் பெட்டியைக் காணோம். நான் வண்டியில் இருந்த நேரத்திலேயே, அவன் இனி வேண்டாம் என்று இன்னொரு தீர்மானம் போட்டு அவனை ரயிலேற்றிவிட்டார்கள். எண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தான். ஜெயித்த அன்றைக்கு அழுதவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அதோடு என் ஆட்டம் முடிந்தது. கரும்பலகையில் எழுத இடது கையைப் பழக்கிக்கொண்டேன். நன்றி தெரிவித்து எனக்கும் ஒரு தீர்மானம் போட்டதாகக் கேள்வி. நேரில் வந்து சொல்ல ஒருத்தரும் வரவில்லை.

இப்போது கிளப்பில் வேகமாக வீச நாலு பேர் இருக்கிறார்கள். ஒருத்தன் களைத்தால் இன்னொருத்தன் வருகிறான். நல்லதுதான், பையன்கள் கை பிழைக்கட்டும். என்னைப் பார்க்கிறவர்கள் மட்டும் அந்த மேட்ச்சில் எத்தனை விக்கெட் என்றே கேட்கிறார்கள். சொல்லி அனுப்பிவிடுவேன்.

தூத்துக்குடிக்காரர் யாரைப் பார்த்தாலும் அருளப்பனை விசாரிப்பேன். எந்த அருளப்பன் என்று கேட்பார்கள். பஞ்சாலையில் இருந்தவன், இடது முழங்கால் வீங்கியிருக்கும் என்பேன். அதற்கு மேல் அவனைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒரு விலாசம்கூட இல்லை.