அக்னி நட்சத்திரத்தில் அடுத்த வீட்டுச் செடிகள்

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் நகையை லாக்கரில் வைத்துவிடலாம். செடியை எங்கே வைப்பது? அதற்குத்தான் பாளையங்கோட்டையில் நான் இருக்கிறேன். சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் திரும்பும்வரை தண்ணீர் ஊற்றி, வெயிலுக்கு மறைத்து, செடிகளை உயிரோடு ஒப்படைப்பது என் வேலை. ஊரிலேயே இருந்தும் செடியைக் காப்பாற்றத் தெரியாதவர்களும் கூப்பிடுவார்கள். ஆசையாக வாங்கிய மணிபிளான்ட் மே மாதத்தில் அப்பளமாகப் பொரிந்ததைப் பார்த்து நொந்தவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். உட்காருங்கள், சொல்கிறேன்.

மாடி டேங்க்

"தெனமும் ஊத்துதேன், ஆனாலும் கருகுது" என்று ஓர் அக்கா கூப்பிட்டார். சமையலை முடித்துவிட்டு நடுமத்தியானம் குழாயைத் திறந்து ஊற்றுவாராம். குழாயடியில் கையை நீட்டினேன், வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். மொட்டை மாடியில் கறுப்பு டேங்க், அதில் நம்ம ஊர் வெயில். டீத்தூள் போட்டால் சாயம் இறங்கிவிடும்.

"சாயங்காலமே ஒரு வாளியில பிடிச்சு வீட்டுக்குள்ள வச்சிருங்கக்கா. காலையில வெயில் ஏறுமுன்ன ஊத்துங்க" என்றேன். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் வேலைக்காரம்மாவும் எட்டிப் பார்த்தார். அக்கா என்னிடம் சொன்னார்: "ஏட்டி, நானே அந்தத் தண்ணிய ஆற வச்சுல்லா குளிக்கேன், செடிக்கு ஊத்தும்போது மட்டும் புத்தி எங்க போச்சு?"

டீக்கு டீ

மேலப்பாளையத்து காஜா மாமா வீட்டில் நேர் எதிர். மகள் பிரசவத்துக்காக மாமி தோஹா போயிருந்தார். நெஞ்சுவலி வந்து பிழைத்த உடம்பு என்பதால் மாமாவை விமானத்தில் கூட்டிப் போகவில்லை. "நான் வரும்போது செடியில ஒண்ணு கொறஞ்சிருந்தாலும் உங்ககூடப் பேச மாட்டேன்" என்று மாமி விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மாமா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நான் போனபோது ஜன்னலோரத் தொட்டிகளெல்லாம் மஞ்சளடித்து நின்றன. மாமி ஆசையாக வளர்த்த பாம்புக் கத்தாழை அடியில் குழைந்துவிட்டது. மண்ணுக்குள் விரலை விட்டால் நடவு வயல் மாதிரி சேறு. மோந்து பார்த்தால் அழுகல் வாடை.

வெயில் அடித்தால் செடிக்குத் தாகம் என்று நினைக்கிறோம். வீட்டுக்குள் இருக்கிற தொட்டியில் மேல்மண் காயும், அடியில் ஈரம் அப்படியே கிடக்கும். இலை மஞ்சளானதும் தாகமென்று இன்னும் ஊற்றுவோம். "எப்பெப்ப ஊத்துவீங்க மாமா?" என்று கேட்டேன். மாமா செம்பைக் கையில் வைத்தபடியே சொன்னார்: "நான் டீ குடிக்கும்போதெல்லாம்தான். எதுத்தாப்புல இருக்கதுக்குக் குடுக்காம நான் மட்டும் எப்படிம்மா குடிக்கது?"

செடிக்கு வந்த போன்

என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். வேலை முடிந்து அறைக்கு வந்து அவர் கூப்பிடுவது வெள்ளிக்கிழமை மட்டும்தான். இருந்தாலும் மற்ற நாளில் காலையில் வீடியோ கால் மணி அடித்தால் வாளியைப் போட்டுவிட்டு ஓடுவேன். எடுத்துப் பார்த்தால் பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போயிருக்கும் சார்தான், தன் இளஞ்சிவப்பு இலைச் செடியைப் பார்க்க. மேற்கு ஜன்னலில் வெந்துகொண்டிருந்த அதை உள் அறைக்கு மாற்றி, இலைக்கு ஈரக் காற்று கிடைக்கத் தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் விட்டு அதன்மேல் வைத்திருந்தேன். ஓர இலையைக் காட்டு, நுனியைக் காட்டு என்பார். நானும் காட்டுவேன்.

பள்ளிக்கூடம் லீவு என்பதால் என் மகள் யாழினியும் கூடவே வருவாள். போனில் யார் வந்தாலும் அவளுக்கு அப்பாதான். ஒருநாள் புதுக் கவுனை விரித்துப் பிடித்துக்கொண்டு போன் முன்னால் வந்து நின்றாள். சார் பொறுமையாகச் சொன்னார்: "பாப்பாவைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லும்மா, செடிய மறைக்கா."

பூட்டின வீடு

ஆளில்லாத வீட்டில் செடிகளைத் தனித்தனியாக விடக் கூடாது. வெயில் படாத அறையில் எல்லாவற்றையும் நெருக்கி வைத்தால் ஒன்று விடும் ஈரத்தில் இன்னொன்று தாக்குப்பிடிக்கும். வைத்துவிட்டு நான் உடனே கிளம்புவதில்லை. நேற்று வைத்த குழம்பு, யாழினி பிடித்த அடம், வெள்ளிக்கிழமையும் வராத போன், எல்லாம் அதுகளிடம்தான் சொல்வேன். பதிலும் நானே சொல்லிக்கொள்வேன். அப்படி ஒருநாள் பேசிவிட்டு வெளியே வந்தால் எதிர் வீட்டம்மா வாசலில் நிற்கிறார். "நீ மட்டுமா இருக்க? உள்ள புருசன் பொண்டாட்டி சண்டை மாதிரில்லா கேட்டுச்சு!"

மாமி வந்த அன்று

காஜா மாமா கையிலிருந்த செம்பைப் பிடுங்காத குறையாக வாங்கிவிட்டு ஈரத் துணியைக் கொடுத்தேன். டீ நேரத்தில் இலைத் தூசியைத் துடைக்கட்டும். விரலை விட்டுப் பார்த்து, மண் ஒட்டாமல் வந்தால் மட்டும் தண்ணீர். கத்தாழையின் அழுகிய வேரை வெட்டி, நிழலில் காயப் போட்டு, மணல் கலந்த புது மண்ணில் ஊன்றினேன். மற்றவையெல்லாம் பைய பச்சை பிடித்தன. கத்தாழை மட்டும் நட்ட கம்பு மாதிரி நின்றது. மாமி டிக்கெட் எடுத்தாயிற்று. நான் படியேறும்போதே மாமா, "பொழச்சிருமா?" என்பார். எனக்கும் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று அவருக்கு எதிரில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு வருவேன்.

மாமி வருவதற்குக் கொஞ்சம் முந்தி, மண்ணைக் கீறிக்கொண்டு ஒரு பச்சை முனை எட்டிப் பார்த்தது. மாமா அதைத் தொடக்கூட விடவில்லை. மாமி வந்தார். புர்காவைக்கூடக் கழற்றாமல் ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்தார், கத்தாழைக் குருத்தைத் தடவினார். மாமா ஈரத் துணியோடு பின்னாலேயே போனார். அப்புறம்தான் மாமி திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "செடியெல்லாம் ஜம்முனு இருக்கு. நீங்க ஏன் இப்படிப் பாதியாப் போயிட்டிய?"

எந்தச் செடி எதனால் வாடுகிறது என்று மண்ணில் விரலை விட்டே சொல்லிவிடுவேன். மற்ற வாட்டத்துக்கு மருந்து மஸ்கட்டில் லீவு எழுதிக் கொடுக்கிறவர் கையில் இருக்கிறது.