மலையாட்டின் மூன்றாவது சுற்று

என் மனைவிக்கு ஓட்டக்காரர் கூட்டத்தில் மலையாடு என்று பெயர். யார் வைத்தார்களோ, சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். கடைத்தெருவில் என்னோடு நடந்து வந்தால் கால் வலிக்கிறது, செருப்பு கடிக்கிறது, காரை ஏன் அவ்வளவு தள்ளி நிறுத்தினீர்கள் என்று ஆயிரம் புகார். அதே ஆள் கல்லும் வேரும் சேறுமாக ஒரு மலைப்பாதையைப் பார்த்துவிட்டால் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டிதான். வாரத்தில் ஆறு நாள் கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, லென்ஸைத் தேய்த்துப் பிரேமுக்குள் பொருத்துகிற வேலை அவளுக்கு. நாள் முழுக்க மூக்குக்கு நேரே இருப்பதையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு ஞாயிற்றுக்கிழமையானால் தூரம் வேண்டியிருக்கிறது போல.

எனக்கு ஓடத் தெரியாது. நான் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவன். பந்தய நாட்களில் கார் ஓட்டுவது, கூடாரம் அடிப்பது, டீ போடுவது, குளிரில் கையைக் கட்டிக்கொண்டு "இன்னும் காணோமே" என்று நிற்பது, இவ்வளவும் என் இலாகா. ஒருநாளாவது நன்றி என்று சொல்லியிருப்பாளா? டீயில் சர்க்கரை கம்மி என்று மட்டும் சொல்லுவாள்.

இந்தப் பைத்தியத்தை அவளுக்குத் தொற்றவைத்தது என் அக்கா. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், ஐம்பதைத் தாண்டியவள். நாத்தனார் தொல்லை பொறுக்காமல் வீட்டை விட்டு ஓடிய பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். நாத்தனாரோடு சேர்ந்து ஓடுகிறவளை என் வீட்டில்தான் பார்த்தேன். எத்தனை பந்தயம் ஓடினாலும் அக்கா முன்னால் வருவாள், இவள் பின்னால் வருவாள். அது என்னவோ சட்டம் போல ஆகிவிட்டிருந்தது.

இந்த இலையுதிர் காலத்தின் தொடக்கத்தில் மூட்டு டாக்டர் அக்காவிடம், இந்த வருடத்தோடு மலையேறி ஓடுவதை நிறுத்திவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். அக்கா சிரித்துக்கொண்டே எங்களிடம் வந்து சொன்னாள். அன்றைக்கு இவள்தான் சாப்பிடவில்லை.

"அக்கா நிறுத்தறதுக்குள்ள ஒரே ஒரு தடவை அவங்களுக்கு முன்னாடி வந்துடணுங்க" என்றாள். "அவங்க இல்லாத பந்தயத்துல ஜெயிச்சு நான் என்ன பண்றது?"

மீதம் மூன்று பந்தயங்கள் இருந்தன. முதலாவதில் ஓடைச் சேற்றில் கணுக்காலைப் பிசகிக்கொண்டாள். இரண்டாவதில் கடைசித் திருப்பம்வரை இவள்தான் முன்னால். அங்கே அக்கா பின்னாலிருந்து வந்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தாண்டிப் போனாள். அந்தத் தட்டு எனக்கே வலித்தது. ஒவ்வொரு முறையும் முதல் நாளே போய்க் கூடாரம் அடித்து, ஈர விறகை ஊதி ஊதி என் கண் சிவந்ததுதான் மிச்சம்.

மூன்றாவது பந்தயம்தான் கதை. அதை நடத்துகிறவர் ஒரு பல் டாக்டர். பழைய காலத்து முறையில் நடத்துவார். கைபேசி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் ஒரு கூடையில் போட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அடிவாரத்திலிருந்து மேலே ஏறி, மலை உச்சியை மூன்று முறை சுற்றிவிட்டு இறங்கிவர வேண்டும். உச்சியில் ஒரு மரக்கிளையில் வாளி தொங்கும். அதில் நீல நிற ரப்பர் பேண்டுகள் கிடக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றை எடுத்துக் கையில் மாட்டிக்கொள்ள வேண்டும். இறங்கி வரும்போது கையில் மூன்று இருந்தால் மூன்று சுற்று. கண்காணிக்க மேலே ஆள் கிடையாது. நம்புகிறோம், ஓடுங்கள் என்பதுதான் அந்தப் பந்தயத்தின் பெருமை.

அன்று காலை மலையில் பனிமூட்டம். மேலே ஏறியவர்கள் எல்லோரும் பாலில் போட்ட சர்க்கரை மாதிரி காணாமல் போனார்கள். நான் கீழே நின்று மூன்று டம்ளர் டீ குடித்தேன். நான்காவதை ஊற்றும்போது பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு சிவப்புச் சட்டை இறங்கி வந்தது. இவளுடையது. பின்னால் யாருமே இல்லை. பல் டாக்டர் இவளுடைய சட்டைக் கையை மேலே தள்ளி, மூன்று பேண்டுகளையும் எண்ணிப் பார்த்துவிட்டு விசிலை ஊதினார். அக்கா வெகுநேரம் கழித்து, இரண்டாவதாக, நொண்டிக்கொண்டே வந்தாள். விஷயம் தெரிந்ததும் இவளை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். அந்த மூட்டுவலியை வைத்துக்கொண்டு!

கப்பு கொடுத்தார்கள். பெரிய பானையில் சூப் கொதித்தது, யாரோ கிடார் வாசித்தார், எனக்கு ஆடத் தெரியாது என்று எல்லோருக்கும் தெரியும்படி நானும் ஆடினேன். இவள் சூப் கிண்ணத்தைக் கழுவக் குழாயடிக்குப் போனவள் திரும்பவே இல்லை. போய்ப் பார்த்தால், தண்ணீரைத் திறந்துவிட்டுத் தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, நேத்து நான் கடையிலேர்ந்து நேரா இங்க வந்தேன், இல்ல?"

"ஆமா, நான்தானே கூட்டிட்டு வந்தேன்."

"கையில கடை பேண்டு ஒண்ணு இருந்துச்சுங்க. ஒண்ணே ஒண்ணு. கார்ல அதை இழுத்து இழுத்து விட்டுட்டு வந்தேனே."

கண்ணாடிக் கடையில் ஒவ்வொரு ஆளுடைய பிரேமையும் லென்ஸையும் ஒரு உறையில் போட்டு ரப்பர் பேண்ட் போடுவார்கள். வேலை முடிந்து வரும்போது இவள் கையில் ஒன்றாவது ஒட்டிக்கொண்டு வரும். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டாள். அதே நீலம், அதே பருமன். மூன்று சுற்றும் ஓடியிருந்தால் கையில் நான்கு இருக்க வேண்டும். மூன்றுதான் இருந்தது.

"எங்கயாவது விழுந்திருக்கும்" என்றேன்.

"விழுந்திருக்கலாம். இல்லன்னா நான் ரெண்டு சுத்துதான் ஓடியிருக்கேன்."

"நீ எத்தனை ஓடினேன்னு உனக்குத் தெரியாதா?"

"பனியில எல்லாச் சுத்தும் ஒரே சுத்தா இருந்துச்சுங்க. விழுந்து கெடந்த மரத்த ரெண்டு தடவை தாண்டினது நல்லா ஞாபகம் இருக்கு. மூணாவது தடவை தாண்டினேனா, இல்ல தாண்டப்போறோம்னு நெனச்சுக்கிட்டே எறங்கிட்டேனா? கையத் தொட்டுப் பாத்தேன், மூணு இருந்துச்சு. சரி முடிஞ்சுதுன்னு எறங்கிட்டேன்."

அந்த நிமிடத்திலிருந்து எங்கள் வீட்டில் நிம்மதி போயிற்று. அக்காவிடம் பேச்சோடு பேச்சாக, மூன்றாவது சுற்றில் இவளைப் பார்த்தாயா என்று கேட்டேன். "பனியில என் மூக்கே எனக்குத் தெரியல, அவ முதுகு எங்கடா தெரியும்?" என்றாள். இவள் பல் டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர், "பிடுங்கின பல்லும் குடுத்த கப்பும் ஒண்ணு. நான் திரும்ப வெக்க மாட்டேன். உங்களுக்கு என்ன தோணுதோ செய்யுங்க" என்று கைகழுவிவிட்டார். நம்பிக்கை வைக்கிறவர்களுக்கு இது ஒரு வசதி.

அடுத்த வாரம் கூடாரம் எதுவும் இல்லாமல் விடிந்ததும் அதே மலைக்குப் போனோம். பனி இல்லை. இவள் மூன்று சுற்றும் ஓடிவிட்டு இறங்கினாள். பந்தயத்தன்று ஆனதைவிட நேரம் அதிகமாகவே ஆகியிருந்தது.

"பாத்தீங்களா? அன்னிக்கு நான் மூணு ஓடல."

"தனியா ஓடறதும் பின்னாடி ஆள் தொரத்தும்போது ஓடறதும் ஒண்ணா? அன்னிக்கு வெறியில ஓடினே."

"உங்களுக்கு என்ன தெரியும் ஓட்டத்தப் பத்தி?"

அதுவும் சரிதான். ஆனால் எனக்குக் கோபம் வந்தது. ஜெயித்தவள் ஜெயித்தேன் என்று இருக்க வேண்டியதுதானே? சும்மா கிடந்த சங்கை எதற்கு ஊத வேண்டும்? கப்பு எங்கள் மேசையில் துணி மூடிக் கிடந்தது. அவளும் தூங்கவில்லை, பக்கத்தில் புரண்டுகொண்டே இருந்து என்னையும் தூங்கவிடவில்லை. கடையில் ஒருவருடைய இடது லென்ஸை வலதில் பொருத்திவிட்டு முதலாளியிடம் திட்டு வாங்கினாள். அவள் வேலையில் அது நடந்து நான் கேட்டதே இல்லை.

கடைசியில் கப்பைத் தூக்கிக்கொண்டு அக்காவின் பஸ் நிற்கிற இடத்துக்கே போனாள். நானும் போனேன். அக்கா வாளியும் துணியுமாகப் பஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இவள் கப்பைப் பஸ் படியில் வைத்தாள்.

"அக்கா, இது உங்களோடது."

அக்காவுக்கு முதலில் மூக்குக்கு மேல் கோபம். "மூட்டுப் போனவன்னு பிச்சை போடறியா?" என்றாள். இவள் பேண்டு விவகாரம் முழுவதையும் சொல்லி முடித்தாள். அக்கா துணியைப் பிழிந்தாள். மறுபடி பிழிந்தாள். பிறகு கப்பை எடுத்து, பஸ் துடைத்த துணியாலேயே துடைத்தாள்.

"அப்படின்னா கடைசிப் பந்தயம் நான்தான் ஜெயிச்சேனா?"

அந்த முகத்தை நான் எப்படிச் சொல்லுவது? அவள் தோற்றதற்கு அன்று மலையடியில் அழவில்லை. தூக்கிச் சுற்றினாள், சிரித்தாள். அழுகை எல்லாம் இப்போது பஸ் படியில் உட்கார்ந்து வந்தது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிறு எரியவும் செய்தது. யார் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று சும்மாவா சொன்னார்கள்? இவள் அன்று சாப்பிட்டுவிட்டு அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள்.

அக்கா விடுவாளா? விடைபெறும் விருந்து என்று ஓட்டக்காரர் கூட்டம் முழுவதையும் தன் வீட்டுக்கு அழைத்தாள். அறையே கொள்ளவில்லை. "டேய், உட்காரச் சேர் பத்தல, கூடாரத்துக்குக் கொண்டுபோற மடக்குச் சேர எடுத்துட்டு வா" என்று என்னை விரட்டினாள். சேர் இருந்த சாக்கு, பந்தயத்துக்குப் போய்வந்ததிலிருந்து காரின் பின்பக்கத்தில் அப்படியே கிடந்தது. பிரித்தேன். குப்பென்று ஒரு நாற்றம். சேர்களுக்கு அடியில், பச்சைப் பூசணம் பூத்த ஒரு ரொட்டிப் பொட்டலம். அதன் கழுத்தில் நீல ரப்பர் பேண்ட்.

அந்த ரொட்டியைப் பந்தயத்தன்று காலையில்தான், ஒட்டியிருந்த உறையைக் கிழித்துப் பிரித்தோம். ஆளுக்கு இரண்டு துண்டு ஜாம் தடவித் தின்றோம். நான் ரொட்டியை மூடுகிற ஜாதியே இல்லை. அப்படியே திறந்து போட்டுவிட்டு வருவேன், இவள் திட்டிக்கொண்டே கட்டுவாள். எங்கள் கல்யாணமான நாளிலிருந்து அதுதான் நடக்கிறது. அப்படியானால் கடைப் பேண்டு பந்தயத்துக்கு முன்பே கையை விட்டுப் போயிருக்கிறது. கையில் இருந்த மூன்றும் மலையில் எடுத்தவை.

சொல்லுவதா, விடுவதா? உள்ளே அக்காவின் சிரிப்புக் கேட்டது. நல்ல புத்தி இருப்பவன் பொட்டலத்தைக் குப்பையில் போட்டுவிட்டுச் சேரைத் தூக்கிக்கொண்டு போயிருப்பான். எனக்கு அந்தப் புத்தி இல்லை. இவளை வாசலுக்குக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள் பொட்டலத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒருவேளை அன்னிக்குக் கையில ரெண்டு இருந்திருந்தா?"

"ஒண்ணே ஒண்ணுன்னு நீதானே சொன்னே. கார்ல நானே பாத்தேன். நீ ஜெயிச்சிருக்கே, புரியுதா? மூணு சுத்தும் ஓடி, அக்காவ முந்தி ஜெயிச்சிருக்கே!"

அவள் முகம் மலர்ந்தது. உடனே அழுதாள். பிறகு கோபமாக என் தோளில் ஒரு அடி வைத்தாள். "கஷ்டப்பட்டு வந்த தூக்கத்த மறுபடியும் பிடுங்கிட்டீங்களே" என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, ரொட்டியின் கழுத்திலிருந்து பேண்டை உருவி, சட்டையில் துடைத்து, மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள்.

"அக்காகிட்ட மூச்சு விடக் கூடாது."

"அது உன் கப்புடி."

"அவங்க முகத்தப் பாத்தீங்க இல்ல? அப்புறம் என்ன?"

சேர்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனோம். கேக் வெட்டியாயிற்று. போட்டோ எடுக்க வேண்டும் என்று பல் டாக்டர் கைபேசியை நீட்டிக்கொண்டு நின்றார். அக்கா கப்பைத் தூக்கினாள்.

"ஏய் மலையாடு, இங்க வா. இந்தப் பக்கம் நீ புடி."

இவள் போய்ப் பிடித்தாள். சட்டைக் கை சரிந்து மணிக்கட்டு தெரிந்தது.

"பாருங்க இவள! விருந்துக்கு வரும்போதாவது அந்தக் கடை ரப்பர் பேண்டக் கழட்டிட்டு வரக் கூடாதா? இதனாலதானேடி அன்னிக்கு அத்தனை கொழப்பம்!" என்றாள் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். இவள்தான் அதிகம் சிரித்தாள். அந்தப் போட்டோவைத்தான் அக்கா பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். படத்தில் அக்கா கப்பைப் பார்க்கிறாள். இவள் கப்பையும் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. வாயைத் திறந்துவிடாதே என்று என்னையே பார்க்கிறாள்.