மணியாச்சி என்று நினைத்து இறங்கியவர்

மகன் ஜப்பானில், ஒசாகாவில் வேலை பார்க்கிறான். அன்று அவனுக்கு லீவு இல்லை. காலையில் கியோட்டோ, மதியம் நாரா, சாயங்காலம் வீடு என்று தாளில் எழுதிக் கொடுத்து என்னையும் அவன் அப்பாவையும் ரயிலேற்றிவிட்டான். அறுபதைத் தாண்டிய எங்களுக்கு அது சுற்றுலா இல்லை, தண்டனை. கியோட்டோவில் படி ஏறி இறங்கியே கால் செத்துவிட்டது. மூன்றாவது கோயில் வாசலில், தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்தில் பிறந்த கிறிஸ்தவச்சி நான், புத்தரைப் பார்க்கக்கூட எழும்பாமல் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் அதைப் போட்டோ எடுத்தார். எரிச்சலாக வந்தது.

நாரா போகும் ரயில் ஒற்றைப் பாதையில் ஓடியது. ஒரு சின்ன ஸ்டேஷனில் எதிர்வண்டிக்காகக் கொஞ்ச நேரம் நின்றது. இவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏளா, நம்ம மணியாச்சி மாதிரில்லா நிக்கான்."

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி ஆபீசுக்குப் போய்வந்த காலத்தில், மணியாச்சி ஜங்ஷனில் இன்ஜினைத் திருப்பி மாட்டும்வரை இறங்கி டீ குடிப்பார். வண்டி நகர்ந்தபின் ஓடிவந்து ஏறினால்தான் அவருக்கு டீ செரிக்கும். எத்தனையோ வருஷம் ஏசிப் பார்த்தேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

அடுத்த ஸ்டேஷனில், "தண்ணி வாங்கிட்டு வாரேன்" என்று இறங்கினார். பிளாட்பாரத்தில் இருந்த மெஷினில் காசு போடுவதற்குள் கதவு மூடிக்கொண்டது. ஓடி ஏற அங்கே திறந்த வாசல் ஏது? அவருடைய செல்போனும் டிக்கெட்டும் என் கைப்பையில். பாஷையும் தெரியாது. என்னைத் தேடுகிறேன் என்று ஏதாவது ஒரு வண்டியில் ஏறிவிட்டால் எங்கே போய்க் கண்டுபிடிப்பேன்?

அடுத்த ஸ்டேஷனில் இறங்கினேன். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மேம்பாலம் ஏறி எதிர்ப்பக்கம் போனேன். அரைமணி நேரம் வண்டி வரவில்லை. ஜெபம் பாதி, ஏச்சு பாதியாக நின்றேன்.

திரும்பிப் போனபோது, கதவு மூடிய அதே இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். பின்னால் பெஞ்சு காலியாகக் கிடந்தது.

"செத்த நேரம் ஒக்காந்தா என்ன?"

"ஒக்காந்தா தூங்கிருவேன். நீ வண்டியிலேருந்து பாத்துட்டு, ஆள காணும்னு போயிருவியே."

அதற்குமேல் ஏச மனசு வரவில்லை. இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். உட்கார்ந்ததும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். நாரா போகும் வண்டிகள் இரண்டு வந்து போயின. நான் எழுப்பவில்லை.