மேல்வரிசை முதலில்

கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருந்த கௌஸ் மொய்தீனின் மூன்றாவது மகள் தில்ஷாத். பொறியியல் படித்துவிட்டு ஓசூர் சிப்காட்டில் கணினி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். 1994 கோடையில் அவள் வேலை, எட்டுச் செயலிகள் கொண்ட ஒரு புதிய கணினிக்குக் கெர்னல் எழுதுவது, அதாவது எந்த நிரல் எந்தச் செயலியில் ஓடவேண்டும் என்று பங்கிடும் அடிப்படை மென்பொருள். "எட்டு மூளையா? ஒரு மூளை வச்சவனையே மண்டியில சமாளிக்க முடியல" என்பார் அத்தா. அவளும் சிரித்துவிட்டு சூளகிரி வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள்.

அந்தக் கணினியில் நான்கு போர்டுகள். ஒவ்வொன்றிலும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு செயலிகள். ஒரே போர்டில் இருக்கும் இரண்டுக்கும் பொதுவாக ஒரு வேகமான சிறு நினைவகம் உண்டு. அடிக்கடி தகவல் மாற்றிக்கொள்ளும் இரண்டு நிரல்களை ஒரே போர்டில் அமர்த்தினால் வேலை அங்கேயே முடியும். பிரித்து அமர்த்தினால் ஒவ்வொரு தகவலும் வெளியே போய்ச் சுற்றி வரவேண்டும். ஆகவே எந்தச் செயலிக்கு எது துணை என்பது கெர்னலுக்குத் தெரிந்தாக வேண்டும்.

செயலிகள் விழித்துக்கொள்ளும் வரிசையில் அவற்றுக்கு எண் விழும். தில்ஷாத் எளிய விதி ஒன்றை எழுதியிருந்தாள்: பூஜ்யமும் ஒன்றும் ஒரு ஜோடி, இரண்டும் மூன்றும் ஒரு ஜோடி, இப்படியே மேலே. அவள் அறையிலிருந்த கணினியில் அது ஒருநாளும் பொய்த்ததில்லை. அடுத்தடுத்த எண்களை வைத்திருப்பவை அடுத்தடுத்து இருக்கும் என்று நம்புவது இயல்பு. இயல்பானதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

அந்தக் கணினியை வாங்க வருகிறவர்கள் சென்னைக்காரர்கள், ஒரு காப்பீட்டு நிறுவனம். அவர்கள் முன்னால் ஓடிக்காட்ட வேண்டிய கணினி கீழ்த்தளத்தில் தயாராகியிருந்தது. ஆனால் அது பாதிச் செயலிகள் கொண்ட பழைய மாடலைவிட மெதுவாக ஓடியது. அவர்கள் வருவதற்கு முந்தின நாள் கூட்டத்தில் மேனேஜர் வெங்கடப்பன் காரணம் கேட்டபோது, "சாஃப்ட்வேர்ல தப்பில்ல சார். என் ரூம் மெஷின்ல சரியா ஓடுது" என்று தில்ஷாத் உறுதியாகச் சொன்னாள். அப்படியென்றால் தப்பு போர்டுகளில். போர்டுகளைப் பொருத்தியவர் எல்லப்பன். உத்தனப்பள்ளிக்காரர், ஒப்பந்த ஆள்.

"நாளைக்கு டெஸ்ட் தேறலைன்னா எல்லப்பனை அனுப்பிடலாம். காண்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது" என்றார் வெங்கடப்பன். எல்லப்பன் அந்தக் கூட்டத்தில் இல்லை. தில்ஷாத் இருந்தாள். நோட்டை மூடிக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் மதியம் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அவள் கீழே இறங்கினாள். எல்லப்பன் போர்டுகளைக் கழற்றி, துடைத்து, மறுபடி பொருத்திக்கொண்டிருந்தார். செய்தி அவருக்கும் எட்டியிருந்தது.

"வாங்க மேடம். யாரைத் தூக்கறாங்கன்னு பாக்க வந்தீங்களா?"

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. யாரோ கன்னடத்தில் திட்டினார்கள். கரண்ட் திரும்பியதும் எல்லப்பன் சுவிட்சைப் போட்டார். தில்ஷாத் அன்றுதான் அந்தக் கணினிக்கு நேர் எதிரே நின்றிருந்தாள்; மற்ற நாட்களில் கீழே வந்தால் அவள் பார்ப்பது திரையை மட்டும்தான்.

போர்டுகளின் முகப்பில் பச்சை விளக்குகள் எரியத் தொடங்கின. முதலில் நான்கு போர்டுகளிலும் மேல்விளக்கு. கொஞ்சம் பொறுத்துக் கீழ்விளக்குகள். அவள் அறையிலிருந்த கணினியில் ஒரு போர்டின் இரண்டு விளக்கும் எரிந்த பிறகுதான் அடுத்த போர்டில் எரியும்.

"எல்லப்பண்ணே, ஏன் மேல்வரிசை மொதல்ல வருது?"

"மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு போர்டு போர்டா ஏத்துனா எட்டும் ஒரே மூச்சுல எழுந்து சில நேரம் ஸ்டெபிலைசர் ட்ரிப் ஆவுது மேடம். நம்ம ஊரு கரண்ட் தெரியாதா? உங்க ரூமுக்கு யூபிஎஸ் இருக்குது, எங்களுக்கு எங்க? அதான் போர்டுல வரிசையைச் சொல்ற ஜம்பர் பின்னை மாத்தி, நடுவுல கொஞ்சம் விட்டு ரெண்டு தவணையா எழுப்பறோம்."

"யார்கிட்டயும் கேக்கலையா?"

எல்லப்பன் திருப்புளியைக் கீழே வைத்தார். "உங்ககிட்டதான் கேட்டேன். 'எங்களுக்கு அதுல ஒண்ணுமில்ல, பண்ணிக்கோங்க'ன்னு திரும்பிக்கூடப் பாக்காம சொன்னீங்க."

சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. இந்த வரிசையில் மேல்வரிசைக்குப் பூஜ்யம் முதல் மூன்று வரை, கீழ்வரிசைக்கு நான்கு முதல் ஏழு வரை எண் விழும்; பூஜ்யம் எண்ணின் துணை ஒன்றாம் எண் அல்ல, நான்காம் எண். நெருங்கிப் பேசவேண்டிய நிரல்களை அவளுடைய கெர்னல் இத்தனை நாளும் தேடித்தேடி வெவ்வேறு போர்டுகளில் பிரித்து வைத்திருக்கிறது.

சென்னைக்காரர்கள் கேட்டுக்குள் வந்துவிட்டதாகச் சொல்லி வெங்கடப்பன் வேர்க்க விறுவிறுக்க நுழைந்தார். "என்னம்மா, ஏதாவது தெரிஞ்சுதா? அவங்களுக்கு மொதல்ல சாப்பாடு போடச் சொல்லிட்டேன்."

ஒரு வழி மிகச் சுலபமாக இருந்தது. 'ஜம்பரைப் பழையபடி மாத்தச் சொல்லுங்க சார்' என்றால் போதும். ஸ்டெபிலைசர் தாங்கினால் இன்றைக்குக் கணினி ஓடிவிடும். தப்பு ஜம்பரை மாற்றியவர் தலையில் விழும். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எல்லப்பன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போர்டுல தப்பில்ல சார்" என்றாள். "என் தப்பு. இப்படி எழுப்பட்டுமான்னு அவர் என்னைக் கேட்டாரு. நான் யோசிக்காம சரின்னுட்டேன்."

"நேத்து மீட்டிங்ல என்னம்மா சொன்னே?"

"தெரியாம சொன்னேன்."

"ஏமம்மா இதி!" வெங்கடப்பனுக்குக் கோபத்தில் தெலுங்கு வந்துவிடும். "சரி, அவங்க சாப்பிட்டு வர்றதுக்குள்ள முடியுமா?"

தகவல் போய்வரும் வேகத்தை அளக்க அவள் எப்போதோ எழுதிய சிறு நிரல் ஒன்று இருந்தது. அதைக் கெர்னலுக்குள் கொண்டுவந்தாள். எண்ணை நம்பும் விதியை அழித்தாள். இனி கணினி விழித்ததும், இரண்டிரண்டு செயலிகளாக ஒரே நினைவிடத்தில் மாறி மாறி எழுதும். சீக்கிரம் முடிக்கும் இரண்டும் ஒரே போர்டு. எந்த வரிசையில் எழுப்பினாலும் சரி. முதல் தடவை கணினி பாதியில் நின்றுபோனது. ஒரு வரியைத் திருத்தினாள். கேன்டீனிலிருந்து பேச்சுச் சத்தம் படியிறங்கி வந்துகொண்டிருந்தது.

எல்லப்பன் மறுபடி சுவிட்சைப் போட்டார். மேல்வரிசை, பிறகு கீழ்வரிசை. திரையில் ஜோடிகள் வந்தன: பூஜ்யமும் நான்கும், ஒன்றும் ஐந்தும், இரண்டும் ஆறும், மூன்றும் ஏழும்.

சோதனை தேறியது. எல்லப்பனின் ஒப்பந்தம் நீண்டது. தில்ஷாத்துக்கு அந்த ஆண்டு கிடைக்கவேண்டிய பதவி உயர்வு கிடைக்கவில்லை. அவள் செய்ததைத் துணிச்சல் என்று சொல்ல எனக்குத் தயக்கம்தான். ஜம்பரை மாற்றலாமா என்று அவளைக் கேட்ட மனிதர் எதிரிலேயே நின்றிருந்தார். அவர் அங்கே இல்லாதிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பது அவளுக்கே தெரியாது.

எல்லப்பன் நன்றி சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு எதை மாற்றினாலும் மாடியேறி வந்து அவள் அறை வாசலில் நிற்பார்.

"மேடம், மெஷின் ஃபேனைக் கொஞ்சம் தள்ளி வைக்கறேன். உங்களுக்கு அதுல ஒண்ணுமில்லையே?"

அவள் எழுந்து, கீழே இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.